வட சிலாங்கூரில் குடியேற நினைக்கும் குடும்பங்கள் அறிய வேண்டியவை

கோலாசிலாங்கூரில் தொடங்கி தஞ்சோங் காராங், செகிஞ்சான், சுங்கை பெசார் வழியாக சபாக் பெர்ணம் வரை நீளும் கரையோரம் சிலாங்கூர் மாநிலத்தின் மிக அழகான கிராமப்புறம். ஒரு பக்கம் கடலும் சதுப்புக் காடும், மறுபக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நெல்வயலும் செம்பனையும் விரிந்து கிடக்கின்றன. வார இறுதியில் செகிஞ்சான் வயல்களைப் பார்க்கவும் கம்போங் குவாந்தான் மின்மினிப் பூச்சிகளைப் பார்க்கவும் வருபவர்கள் பலர். அவர்களில் சிலருக்கு அங்கேயே வீடு வாங்கிக் குடியேறினால் என்ன என்ற எண்ணமும் எழுகிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏறும் வாடகை, காலையிலும் மாலையிலும் சாலையில் கழியும் மணிக்கணக்கான நேரம், அடுக்குமாடி வீட்டில் அடைபட்டு வளரும் பிள்ளைகள் ஆகியவை இந்த எண்ணத்துக்குக் காரணங்கள். இந்தத் தலைமுறையின் பெற்றோரோ தாத்தா பாட்டியோ இதே வட்டாரத் தோட்டங்களிலிருந்து நகரத்துக்குப் போனவர்களாகவும் இருக்கலாம். அப்படியானால் இது புது ஊருக்குப் போவதை விட, விட்டுவந்த ஊருக்கு வேறு நிலையில் திரும்புவதுதான்.

அந்த நிலை என்ன என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. குடியேறும் முன் வீடு, வேலை, பள்ளி, மருத்துவம், அக்கம்பக்கம் ஆகிய ஐந்தையும் பார்க்க வேண்டும். இவற்றில் வீட்டை முதலில் வைக்க வேண்டிய காரணத்தைத் தோட்ட வரலாறே சொல்லும்.

எந்த ஊர், எவ்வளவு தூரம்

இந்த வட்டாரம் இரண்டு மாவட்டங்களில் அடங்குகிறது. தெற்கே உள்ள கோலாசிலாங்கூர் மாவட்டத்தில் கோலாசிலாங்கூர் நகரம், ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, புஞ்சாக் ஆலாம், தஞ்சோங் காராங் ஆகியவை உள்ளன. வடக்கே உள்ள சபாக் பெர்ணம் மாவட்டத்தில் செகிஞ்சான், சுங்கை பெசார், சுங்கை பஞ்சாங், சபாக் ஆகியவை உள்ளன. பெர்ணம் ஆற்றைக் கடந்தால் பேராக் மாநிலம். சுங்கை பஞ்சாங் என்றால் மலாய் மொழியில் நீண்ட ஆறு என்று பொருள். சுங்கை பெசாருக்கு உட்புறமாக அமைந்த நெல், செம்பனைப் பகுதி அது. சட்டமன்றத் தொகுதி ஒன்றும் இதே பெயரில் உள்ளது.

கோலாலம்பூரிலிருந்து கோலாசிலாங்கூர் ஏறக்குறைய 65 கி.மீ. செகிஞ்சான் ஏறக்குறைய 100 கி.மீ. சபாக் பெர்ணம் அதற்கும் அப்பால் இருக்கிறது. கிள்ளானிலிருந்து வடக்கே செல்லும் கூட்டரசு சாலை 5 இந்த ஊர்களை எல்லாம் கோத்துச் செல்கிறது. 2011இல் திறக்கப்பட்ட லாத்தார் நெடுஞ்சாலை ஈஜோக்கை ரவாங் பக்கத்தோடு இணைத்ததால் தெற்குப் பகுதிக்கான பயணம் எளிதானது. பந்திங்கையும் தைப்பிங்கையும் 233 கி.மீ. நீளத்துக்கு இணைக்கும் மேற்குக் கரை நெடுஞ்சாலை கட்டம் கட்டமாகத் திறக்கப்பட்டு வருகிறது. இந்த ஊர்களுக்கு ரயில் சேவை இல்லை.

ஆகவே "வட சிலாங்கூர்" என்று ஒரே சொல்லில் சொன்னாலும் கணக்கு ஊருக்கு ஊர் மாறும். புஞ்சாக் ஆலாமிலோ ஈஜோக்கிலோ குடியிருப்பவர் ஷா ஆலாமுக்கோ சுங்கை பூலோவுக்கோ தினமும் வேலைக்குப் போய்வரலாம். சுங்கை பஞ்சாங்கில் குடியிருந்துகொண்டு கோலாலம்பூருக்குத் தினமும் போய்வருவது நடைமுறைக்கு ஒத்துவராது. அங்கே குடியேறுபவர் அந்த வட்டாரத்திலேயே வேலை தேட வேண்டும், அல்லது வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை வைத்திருக்க வேண்டும்.

தோட்டம் விட்டுச்சென்ற பாடம்

மலேசியாவின் செம்பனைத் தொழில் இந்த மண்ணில்தான் தொடங்கியது. பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோகோன்னியே 1917ஆம் ஆண்டு பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்தில் உள்ள தென்னமரம் தோட்டத்தில் முதன்முதலாக வணிக முறையில் செம்பனை நட்டார். மலாயா வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்ஸின் கோன்கூர் பரிசு கிடைத்தது. தோட்டத்தின் பெயரிலேயே தமிழ் இருக்கிறது. அங்கே காட்டை வெட்டி, கன்று நட்டு, குலை அறுத்தவர்களும் தமிழர்கள்தாம். பத்தாங் பெர்ஜுந்தையின் இன்றைய பெயர் பெஸ்தாரி ஜெயா.

கங்காணி முறையில் வந்த அந்தத் தொழிலாளர்களுக்குத் தோட்ட நிர்வாகம் லயத்தில் வீடு கொடுத்தது. கோயில், பள்ளிக்கூடம், மருந்தகம், கள்ளுக்கடை எல்லாம் தோட்டத்துக்குள்ளேயே இருந்தன. ஆனால் வீடு தொழிலாளியின் பெயரில் இல்லை. வேலையோடு வந்த வீடு, வேலை போனால் கூடவே போயிற்று. 40 ஆண்டுகள் பால் மரம் சீவியவர் வேலை ஓய்வு பெறும்போது, ஒரு சதுர அடி நிலம்கூடத் தன் பெயரில் இல்லாமல் வெளியேற நேர்ந்தது.

1950களில் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது இந்தக் குறை வெளிச்சத்துக்கு வந்தது. 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை ஆராய்ந்து உங்கு அஸிஸ் தலைமையில் ஓர் அறிக்கை வெளியானது. தொழிலாளர்களே பங்கு போட்டுத் தோட்டங்களை வாங்க வேண்டும் என்ற நோக்கத்தில், துன் வீ.தி. சம்பந்தன் முயற்சியில் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பின்னர் ரப்பர் அழிந்து செம்பனை பரவியது. தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் கைமாறின. இளைஞர்கள் நகரங்களுக்குப் போனார்கள்.

இதன் தொடர்ச்சியை அண்மைக் காலத்திலும் பார்க்க முடிந்தது. மேரி, நைஜல் கார்டனர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களைச் சேர்ந்த 200க்கும் மேற்பட்ட முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள், சொந்த வீட்டுக்காக 20 ஆண்டுகளுக்கு மேல் போராடின. அரசாங்கத்தின் பங்களிப்போடு அவர்களுக்குத் தரை வீடுகள் கட்டித் தரும் முடிவு 2023இல்தான் எட்டப்பட்டது. வாக்குறுதி கேட்ட காலத்தில் இளைஞர்களாக இருந்தவர்கள் முடிவு வந்தபோது முதியவர்களாகியிருந்தார்கள்.

எனவே இந்த வட்டாரத்துக்கு மீண்டும் வரும் குடும்பம் பழைய வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். வேலை கிடைத்தது, வீடு கொடுத்தார்கள் என்று குடியேறுவது தாத்தாவின் நிலைக்கே திரும்புவதாகும். 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதித் தரச் சட்டம், முதலாளி கொடுக்கும் தங்குமிடம் எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. அந்த வீட்டைத் தொழிலாளிக்குச் சொந்தமாக்க அது வழி செய்யவில்லை. நிர்வாகக் குடியிருப்பில் தங்கியிருப்பவர்கள் அந்தக் காலத்தை வாடகை மிச்சமாகும் காலமாகக் கருதி, சொந்த வீட்டுக்கான முன்பணத்தைச் சேர்ப்பதே புத்திசாலித்தனம்.

வீடும் கெரானும்

நிலமோ வீடோ வாங்கும் முன் நான்கு விஷயங்களை நில அலுவலகத்தில் சரிபார்க்க வேண்டும். கோலாசிலாங்கூர், சபாக் பெர்ணம் ஆகிய இரு மாவட்டங்களிலும் நில அலுவலகம் உண்டு. கட்டணம் செலுத்தி "ச்சாரியான் ரஸ்மி" எனப்படும் அதிகாரபூர்வ தேடலைச் செய்தால் பெரும்பாலான விவரங்கள் ஒரே தாளில் வந்துவிடும்.

முதலாவது, அந்த நிலம் மலாய் ஒதுக்கீட்டு நிலமா என்பது. 1933ஆம் ஆண்டு மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்ட நிலத்தை மலாய்க்காரர் அல்லாதார் பெயருக்கு மாற்ற முடியாது. வட சிலாங்கூர்க் கிராமங்களில் இத்தகைய நிலங்கள் உள்ளன. "ரொக்கம் கொடுங்கள், பெயரைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். வாய்மொழி ஒப்பந்தத்தில் வாங்கிய நிலத்தில் வீடு கட்டினாலும், சட்டப்படி அது வேறொருவருடைய நிலத்தில் நிற்கும் வீடுதான்.

இரண்டாவது, உரிமையின் வகை. நிரந்தர உரிமையா, 99 ஆண்டு போன்ற குத்தகை உரிமையா என்று பார்க்க வேண்டும். குத்தகை நிலமானால் எஞ்சியுள்ள ஆண்டுகள் எத்தனை என்பது முக்கியம். ஆண்டுகள் குறைவாக இருந்தால் வங்கிகள் கடன் தரத் தயங்கும். பெயர் மாற்றத்துக்கு மாநில அரசின் ஒப்புதல் தேவைப்பட்டால் அதற்கான காலத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, நிலத்தின் பயன்பாட்டுப் பிரிவு. விவசாய நிலத்தை மலிவாக வாங்கி வீட்டு மனைகளாகப் பிரித்துத் தருவதாகச் சொல்லும் விற்பனைகள் உண்டு. பல சமயங்களில் அங்கே தனித்தனிக் கெரான் கிடையாது. ஒரே கெரானில் பலர் பெயர் பங்காளிகளாக ஏறும். ஒரு பங்காளி கடனில் சிக்கினாலோ காலமானாலோ மற்றவர்களும் சிரமத்தில் மாட்டிக்கொள்வார்கள். தன் பங்கு எந்த மூலையில் இருக்கிறது என்பதையே சட்டப்படி சொல்ல முடியாமல் போகும். இத்தகைய நிலத்தில் குடும்பச் சேமிப்பைப் போடும் முன், விற்பவருக்குத் தொடர்பில்லாத ஒரு வழக்கறிஞரிடம் கேட்பது நல்லது.

நான்காவது, மண். உட்புறப் பகுதிகளில், குறிப்பாக ராஜா மூசா, சுங்கை காராங் காப்புக்காடுகளை ஒட்டிய இடங்களில், "தானா காம்புட்" எனப்படும் கரிச்சதுப்பு மண் இருக்கிறது. நீர் வடிந்தால் அது அமுங்கும். வீட்டின் தரையும் வாசலும் விரிசல் விடும். வறட்சிக் காலத்தில் மண்ணுக்கடியில் தீப்பிடித்துப் பல நாள் புகையும். ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இது சிறிய விஷயமல்ல. கடலோரப் பகுதிகளிலோ பெருக்கக் காலத்தில் கடல்நீர் தடுப்புக் கரையைத் தாண்டும் ஆபத்தைக் கேட்டறிய வேண்டும். வீட்டைப் பார்க்க வெயில் நாளில் ஒருமுறையும் கனமழைக்கு மறுநாள் ஒருமுறையும் போவது, எந்த விளம்பரமும் சொல்லாததைச் சொல்லும்.

பணத்தைப் பொறுத்தவரை, முதல் வீட்டுக்குப் பொதுவாக விலையில் 10 விழுக்காடு முன்பணம் தேவைப்படும். வழக்கறிஞர் கட்டணமும் முத்திரை வரியும் தனி. ஊழியர் சேமநிதியில் 2024 மே மாதம் முதல் சந்தா மூன்று கணக்குகளாகப் பிரிகிறது: ஓய்வுக்கால கணக்குக்கு 75 விழுக்காடு, செஜாத்தெரா கணக்குக்கு 15 விழுக்காடு, ஃபிளெக்சிபல் கணக்குக்கு 10 விழுக்காடு. வீடு வாங்கவும் வீட்டுக் கடனைக் குறைக்கவும் செஜாத்தெரா கணக்கிலிருந்து பணம் எடுக்கலாம். வருமானத் தகுதி உள்ளவர்கள் மாநில அரசின் ரூமா சிலாங்கூர்கூ வீடுகளுக்கும் விண்ணப்பிக்கலாம்.

வேலை: இருப்பதும் இல்லாததும்

வயல்வெளியைப் பார்த்து விவசாய வேலை நிறைய கிடைக்கும் என்று நினைப்பது தவறு. வடமேற்கு சிலாங்கூர் ஒருங்கிணைந்த விவசாய மேம்பாட்டுப் பகுதியில் சாவா செம்பாடான் முதல் பாகான் தெராப் வரை 8 பிரிவுகள் உள்ளன. மொத்த நெல் பரப்பு ஏறக்குறைய 19,000 ஹெக்டேர். பெர்ணம் ஆற்று நீர் கால்வாய் வழியாகத் தெங்கி ஆற்றுக்கு வந்து வயல்களுக்குப் பாய்வதால் ஆண்டுக்கு இருபோகம் விளைகிறது. ஆனால் உழவும் அறுவடையும் இயந்திரத்தின் கையில். நிலம் வைத்திருப்பவருக்கு வருமானம் உண்டு, கூலி வேலை தேடி வருபவருக்கு வாய்ப்பு குறைவு.

செம்பனைத் தோட்டங்களில் குலை அறுக்கும் வேலையைப் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்களே செய்கிறார்கள். உள்ளூர்வாசிகளுக்கு வாய்ப்புள்ள இடங்கள் ஆலை இயக்குநர், பழுதுபார்ப்பவர், மின்தொழிலாளி, லாரி ஓட்டுநர், மேற்பார்வையாளர், கிராணி போன்றவை. கையில் தொழில் சான்றிதழ் இருந்தால் இங்கே அதற்கு மதிப்புண்டு. குறைந்தபட்ச சம்பளம் 2025 பிப்ரவரி முதல் மாதம் 1,700 ரிங்கிட். 5 பேருக்கும் குறைவான தொழிலாளர்களை வைத்திருப்போருக்கு அது அவ்வாண்டு ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. வேலை ஒப்பந்தத்தில் அதற்குக் குறைவாக எழுதியிருந்தால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் 1954 முதல் இயங்கி வருகிறது. தோட்ட வேலைக்குச் சேர்பவர்கள் சங்க ஒப்பந்தம் அங்கே உள்ளதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இரண்டு மூன்று ஏக்கர் செம்பனை வாங்கி அதன் வருமானத்தில் வாழலாம் என்று திட்டமிடுபவர்களும் இருக்கிறார்கள். புதுக் கன்று காய்க்க ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆகும். காய்த்த பிறகு 10 முதல் 15 நாட்களுக்கு ஒருமுறை அறுவடை. குலையை விற்க மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் உரிமம் வேண்டும். 2020 முதல் எம்எஸ்பிஓ சான்றிதழும் கட்டாயம். விலை மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும். சிறு நிலம் சம்பளத்தோடு சேர்ந்த துணை வருமானமாகத்தான் நிற்கும். அதை மட்டுமே நம்பி நகர வேலையை விடுவது ஆபத்து.

மற்றபடி பள்ளிகள், மருத்துவமனைகள், அரசு அலுவலகங்கள், பெஸ்தாரி ஜெயாவில் உள்ள சிலாங்கூர் பல்கலைக்கழகம், தெற்குப் பகுதித் தொழிற்சாலைகள் ஆகியவை நிலையான சம்பளம் தரும் இடங்கள். சபாக் பெர்ணம் வட்டாரத்துக்கென சப்டா என்ற மேம்பாட்டுத் திட்டத்தை மாநில அரசு முதலாவது சிலாங்கூர்த் திட்டத்தில் சேர்த்துள்ளது. ஆனால் வரப்போகும் வேலையை நம்பி அல்ல, இன்றைக்கு இருக்கும் வேலையைப் பார்த்தே குடும்பம் நகர வேண்டும்.

சுற்றுலா இன்னொரு வழி. செகிஞ்சான் வயல், ஜெராம் பக்கத்து சாசாரான் கடற்பரப்பு, சிலாங்கூர் ஆற்றோரம் பெரெம்பாங் மரங்களில் கூட்டமாக ஒளிரும் மின்மினிகள், 1784இல் டச்சுக்காரர்கள் கைப்பற்றிய புக்கிட் மெலாவாத்தி கோட்டை ஆகியவை பயணிகளை இழுக்கின்றன. உணவுக்கடை, பலகாரம், பயணிகள் தங்குமிடம், வாகனச் சேவை ஆகியவற்றுக்கு இடமுண்டு. ஆனால் கூட்டம் சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை நாட்களில்தான். திங்கள் முதல் வெள்ளி வரை உள்ளூர் மக்கள் வாங்கக்கூடிய பொருளும் இருந்தால்தான் கடை நிற்கும். சிறு தொழில் கடனுக்குத் தெக்குன் நிறுவனத்தின் இந்திய சமுதாயத்துக்கான ஸ்புமி திட்டமும் மாநிலத்தின் ஹிஜ்ரா சிலாங்கூர் திட்டமும் உள்ளன.

அலுவலக வேலையில் இருப்பவர்களுக்கு 2023 ஜனவரியில் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தம் உதவலாம். வேலை நேரம், நாள் அல்லது இடத்தை மாற்றித் தரும்படி தொழிலாளி எழுத்துபூர்வமாக விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அலுவலகம் போனால் போதும் என்ற ஏற்பாடு கிடைத்தால் தஞ்சோங் காராங்கூட எட்டும் தூரம்தான். அதற்கு முன் வாங்கப்போகும் வீட்டின் வாசலில் நின்று இணைய வேகத்தைச் சோதிக்க வேண்டும்.

தமிழ்ப்பள்ளி: ஒரு பிள்ளையும் கணக்கில் சேரும்

கோலாசிலாங்கூர் மாவட்டத்தில் தென்னமரம், ராஜா மூசா, சிலாங்கூர் ரிவர் போன்ற தோட்டத் தமிழ்ப்பள்ளிகளும் வாகீசர் தமிழ்ப்பள்ளியும் உள்ளன. சுற்றியிருந்த லயங்கள் காலியானபோது பல தோட்டப் பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை சரிந்தது. 150 பேருக்குக் குறைவானால் அது குறைந்த மாணவர் பள்ளி என்ற பட்டியலில் வரும். எண்ணிக்கை மேலும் குறைந்தால் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே வகுப்பில் சேர்த்துப் பாடம் நடத்த வேண்டிய நிலை வரும்.

பெற்றோர் இதை இரு பக்கமும் பார்க்க வேண்டும். சிறிய பள்ளியில் ஆசிரியருக்கு ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் வீடும் தெரியும், தனிக் கவனம் கிடைக்கும். விளையாட்டுக் குழு, போட்டி, நண்பர் வட்டம் ஆகியவை சிறியதாக இருக்கும். நகரத்தின் பெரிய பள்ளியில் 1,000 பேரில் ஒருவராக இருந்த பிள்ளை, இங்கே 60 பேரில் ஒருவராக இருக்கும். மூன்று பிள்ளைகளோடு ஒரு குடும்பம் வந்து சேர்ந்தால் அந்தப் பள்ளிக்கு அது பெரிய பலம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் பள்ளி மேலாளர் வாரியத்திலும் புதியவர்களின் உழைப்புக்கு உடனே இடம் கிடைக்கும்.

சபாக் பெர்ணம் பக்கம் வீடு பார்ப்பவர்கள், வீட்டிலிருந்து மிக அருகில் உள்ள தமிழ்ப்பள்ளி எத்தனை கி.மீ. என்பதையும், வேன் அந்த வழியாக வருகிறதா என்பதையும் முன்பணம் கட்டுவதற்கு முன் கேட்டறிய வேண்டும். வேன் இல்லையென்றால் பெற்றோரில் ஒருவரின் வேலை நேரம் பள்ளி நேரத்தோடு கட்டுண்டுவிடும். தகுதியுள்ள தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு மாநில அரசு பேருந்துக் கட்டண உதவி வழங்கி வருகிறது. தலைமையாசிரியரிடம் விவரம் கிடைக்கும்.

இடைநிலைப் பள்ளியில் தமிழ் தானாகக் கிடைத்துவிடாது. 1996ஆம் ஆண்டு கல்விச் சட்டத்தின்படி குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ் கற்பிக்க வழி செய்யப்பட வேண்டும். இந்தியர்கள் குறைவாக உள்ள பள்ளிகளில் அந்த 15 பேரைச் சேர்ப்பதே வேலை. படிவம் ஒன்றில் சேரும் ஆண்டிலேயே பெற்றோர் கூடிக் கேட்டால் எஸ்பிஎம் தமிழ்மொழித் தேர்வு வரை பிள்ளைகள் தொடர முடியும். படிவம் ஐந்துக்குப் பின் சபாக் பெர்ணம் சமூகக் கல்லூரி, சிலாங்கூர் பல்கலைக்கழகம் போன்றவை அருகில் உள்ளன. மற்ற பலவற்றுக்கு விடுதியில் தங்கித்தான் படிக்க வேண்டும்.

மருத்துவமும் அன்றாடச் செலவும்

தஞ்சோங் காராங்கில் ஓர் அரசு மருத்துவமனையும் சபாக் பெர்ணத்தில் தெங்கு அம்புவான் ஜெமாஆ மருத்துவமனையும் உள்ளன. சிறப்பு மருத்துவம் தேவைப்படும் பல நோய்களுக்குக் கிள்ளான், சுங்கை பூலோ அல்லது தெலுக் இந்தானுக்குப் போக நேரும். முதிய பெற்றோரை உடன் அழைத்து வருபவர்கள் இதை முதலில் யோசிக்க வேண்டும். நாட்டின் முக்கிய இனங்களில் இந்தியர்களிடையேதான் நீரிழிவு அதிகம் என்று தேசிய சுகாதார ஆய்வுகள் காட்டுகின்றன. சிறுநீரகம் பழுதடைந்தவருக்கு வாரத்தில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம் ரத்தச் சுத்திகரிப்பு வேண்டும். அந்த மையம் 40 கி.மீ. தொலைவில் இருந்தால் வயல் காற்று எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயனில்லை.

வாடகையில் மிச்சமாவதில் ஒரு பகுதி பெட்ரோலுக்குப் போகும். நகரத்தில் ஒரு காரோடு சமாளித்த குடும்பத்துக்கு இங்கே இரண்டாவது வாகனம் தேவைப்படலாம். மீன், இறால், அரிசி, காய்கறி உள்ளூரில் புதிதாகக் கிடைக்கும். இந்திய மளிகை, பூஜைப் பொருள், புடவை ஆகியவற்றுக்குக் கோலாசிலாங்கூர் அல்லது கிள்ளான் போய்வருவதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். விடுமுறை நாட்களில் கூட்டரசு சாலை 5இல் சுற்றுலா வாகனங்களும் அறுவடைக் காலத்தில் நெல் லாரிகளும் நெரியும். அறுவடை முடிந்து வைக்கோல் எரிக்கப்படும் நாட்களில் துணி காயப்போட முடியாது. கொசுவும் குரங்கும் நிரந்தர அண்டைவீட்டார்.

அக்கம்பக்கமும் ஊரும்

இந்த வட்டாரத்து மலாய்க் கிராமங்களில் ஜாவா, பஞ்சார் வம்சாவளியினர் அதிகம். செகிஞ்சானில் சீன விவசாயிகளும் மீனவர்களும் திரளாக வாழ்கிறார்கள். சபாக் பெர்ணம் பக்கம் இந்தியர்கள் சிறு எண்ணிக்கையில்தான் இருக்கிறார்கள். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பழக்கமான தமிழ்க் குரல் நிறைந்த தெரு இங்கே கிடைக்காமல் போகலாம். மலாய் மொழி நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள் விரைவில் ஒன்றிவிடுவார்கள். வீட்டிலேயே இருக்கும் தாய்க்கும் பாட்டிக்கும்தான் தனிமை அதிகம். கோயிலும் தமிழ்ப்பள்ளியும் உள்ள ஊருக்கு 15 நிமிடத் தூரத்தில் வீடு பார்ப்பது அவர்களை நினைத்து எடுக்கும் முடிவாக இருக்கும்.

குடியேறியதும் தேசியப் பதிவு இலாகாவில் அடையாள அட்டை முகவரியைத் தாமதிக்காமல் மாற்ற வேண்டும். தேர்தல் ஆணையத்தில் வாக்காளர் முகவரி மாற்றத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அட்டையில் மாற்றினால் அங்கேயும் மாறிவிடும் என்று இருந்துவிடக்கூடாது. சில மாநில உதவித் திட்டங்களுக்கு சிலாங்கூர் வாக்காளராக இருப்பது நிபந்தனை. மேலும், இந்தியர் எண்ணிக்கை குறைந்த தொகுதியில் ஒவ்வொரு பெயரும் பட்டியலில் இருந்தால்தான் பள்ளிக்கும் கோயிலுக்கும் கேட்கும் குரலுக்கு எடை கூடும்.

ஓராண்டு வாடகை, பிறகு முடிவு

இத்தனையையும் தாளில் எழுதிப் பார்த்தாலும் சில விஷயங்கள் வாழ்ந்து பார்த்தால்தான் தெரியும். முடிந்தவர்கள் முதல் ஓராண்டு வாடகைக்கு இருந்து பார்க்கலாம். அந்த ஓராண்டில் இரண்டு அறுவடை, ஒரு மழைக்காலம், ஒரு வறட்சி, ஒரு தீபாவளி, ஒரு பள்ளித் தவணைச் சுற்று எல்லாம் வந்து போகும். பிள்ளைகளின் முகமும் மாதக் கடைசியில் வங்கிக் கணக்கும் பதில் சொல்லும். அதன்பின் வாங்குவதானால் மேலே சொன்ன நான்கு சோதனைகளையும் முடித்து, கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதிவு செய்வது நல்லது.

தென்னமரத்தில் முதல் செம்பனை நடப்பட்டு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அந்த மண்ணைப் பண்படுத்தியவர்களில் பெரும்பாலோர் அதில் ஒரு மனைகூடச் சொந்தமில்லாமல் வெளியேறினார்கள். இன்று திரும்பிவரும் பேரப்பிள்ளைகளுக்குப் படிப்பும் சேமநிதியும் வங்கிக் கடன் வசதியும் கேள்வி கேட்கும் துணிவும் இருக்கின்றன. கெரானைக் கையில் வாங்கிக்கொண்டு வருபவர்களை, நாளை தோட்டம் கைமாறினாலும் ஆலை மூடினாலும் ஊரைவிட்டு யாரும் கிளப்ப முடியாது.